டீச்சக்கை அக்காவின் பன்னிரண்டு தலையணைகள்

சாய்லியென் ஸ்கூட்டரில் வருகிறாள் என்றால் முதலில் கண்ணில் படுவது மூட்டைதான். முன்னால் காலிடுக்கில் ஒன்று, பின்னால் இரண்டு, நடுவில் ஒரு ஹெல்மெட். ஆள் எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டும். மூட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, மாட்சு அம்மன் கோயில் தெருவிலிருந்து பட்டறைத் தெரு வரைக்கும் கோடு போட்டுக்கொண்டே வரும். அந்தக் கோட்டைப் பார்த்தே லூகாங் ஊரில் "டீச்சக்கை அக்கா போயாச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

மூட்டையில் இருப்பது டீக்கடைகள் தூக்கிப் போடுகிற சக்கை. ஜவ்வரிசி முத்து போட்டுக் குளிர்ந்த டீ விற்கும் கடைகள் கோயில் தெருவில் மட்டும் ஒன்பது இருக்கின்றன. ஒன்பது கடைச் சக்கையும் சாய்லியெனுக்குத்தான். முதலில் கடைப் பெண்கள் அவள் பன்றி வளர்க்கிறாள் என்று நினைத்தார்கள். "இல்லம்மா, தண்ணிக்கு" என்றாள் அவள். அதன்பிறகு அவளுக்குக் கொஞ்சம் மூளை பிசகு என்று நினைத்தார்கள். எப்படியோ, சக்கை மட்டும் தவறாமல் கிடைத்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தேழு. லியாவ் முதலாளியின் முலாம் பட்டறையில் முப்பத்தோரு வருடம். முதல் இருபது வருடம் பித்தளைக் குழாய்களுக்கு மெருகு போட்டாள். நாட்டில் பாதிப் பேர் காலையில் முகம் கழுவுகிற குழாயில் அவள் முகம் ஒரு தடவையாவது தெரிந்திருக்கும். அவள் வீட்டுக் குழாய் மட்டும் இன்றைக்கும் ஒழுகுகிறது. மெருகுத் தூசி நெஞ்சில் கட்டி இருமல் வந்த பிறகு, முதலாளி அவளைப் பின்கட்டுக்கு அனுப்பினார். கழிவுத் தண்ணீர் பார்க்கிற வேலை. மற்றவர்கள் அதை உப்புக்குச் சப்பாணி வேலை என்று நினைத்தார்கள். சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வு உண்டு என்பது தெரிந்ததும், நல்லவேளை நம்மை அனுப்பவில்லை என்று மூச்சு விட்டார்கள். சாய்லியென் நாலாவது தடவையில் தேறினாள்.

டீச்சக்கை யோசனையே அந்தத் தேர்வு வகுப்பில்தான் கிடைத்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவது வழக்கம். வாத்தியார் அன்றைக்கு ரயிலுக்குப் போகும் அவசரத்தில் அந்த நேரத்திலும் பாடம் நடத்தினார். முப்பத்தெட்டுப் பேர் குறட்டை விட்டார்கள். சாய்லியென் தலைக்கு மேலே ஏசி ஒழுகிக்கொண்டிருந்ததால் அவள் ஒருத்திக்குத்தான் தூக்கம் வரவில்லை. "சுண்ணாம்பு போட்டு எடுத்த பிறகும் தண்ணீரில் மிஞ்சுகிற உலோகத்தைப் பழத்தோல், உமி, சிப்பி ஓடு, டீச்சக்கை மாதிரி சாமான்கள்கூடப் பிடித்துக்கொள்ளும், தேர்வில் வராது" என்றார் வாத்தியார். தேர்வில் வராதது எதுவோ அதுதான் அவள் மண்டையில் நின்றது. மூன்று தடவை ஏன் தோற்றாள் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

அப்போது அவளுக்கு அந்த மிச்சம்தான் பெரிய தலைவலி. குழாய்க்கு முதலில் நிக்கல், அதன்மேல் குரோமியம். முலாம் பூசிக் கழுவுகிற தண்ணீர் பச்சைப் பசேலென்று வரும். சுண்ணாம்பு போட்டால் பெரும்பாலும் சேறாகக் கீழே படிந்துவிடும். ஆனால் கொஞ்சூண்டு நிக்கல் மட்டும் படியவே படியாது. பட்டறை வாய்க்கால் நெல்வயல் பக்கம் போகிறது. வயலுக்குப் போகிற தண்ணீரில் அந்தக் கொஞ்சூண்டும் இருக்கக்கூடாது என்று புது விதி வந்தது. அது இருந்தால் வாய்க்கால் மதகை அடைத்துவிடுவார்கள். மதகு அடைபட்டால் பட்டறை மூடும். ஒன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் முதலில் பிடித்தது பம்பளிமாஸ் தோலை. நிலாப் பண்டிகை முடிந்த வாரம் அது. ஊரில் பிள்ளைகள் அந்தத் தோலைத் தொப்பியாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சாய்லியென் வீடு வீடாகப் போய்த் தொப்பி சேகரித்தாள். நாலாம் நாள் பட்டறையில் ஈ மொய்த்தது, ஐந்தாம் நாள் குளவி வந்தது, ஆறாம் நாள் மெருகுக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்றார்கள். அடுத்தது சிப்பி ஓடு. ஊர்ப் பூனையெல்லாம் பட்டறையில் குடியேறின. கடைசியில்தான் டீச்சக்கைக்கு வந்தாள். மூன்று டிரம்மில் சக்கையை நிரப்பி, மேலே பச்சைத் தண்ணீரை விட்டாள். கீழே கமகமவென்று பழுப்பாக வந்தது.

லியாவ் முதலாளி ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "தண்ணியச் சுத்தம் பண்ணச் சொன்னா டீ போட்டு வச்சிருக்கியே. சக்கரை எங்க?"

சாயம் போகும்வரை சக்கையை வேகவைக்க வேண்டும் என்று அவள் தானாகவே கண்டுபிடித்தாள். ஏழு தடவை கொதிக்கவைத்து, ஏழு தடவை கொட்டி, வெயிலில் காயப்போட்டாள். அதன்பிறகு தண்ணீர் தண்ணீராகவே வந்தது. சோதனைக்கு அனுப்பினால் நிக்கல் விதிக்கு உள்ளே நின்றது. அந்தக் காகிதத்தைப் பார்த்து சாய்லியென் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து அழுதாள். இருபது வருடம் பளபளப்பாக்கிய குழாய்கள் எல்லாம் முதலாளியின் குழாய்கள். இது ஒன்றுதான் அவள் செய்தது.

மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து துங் என்ற அதிகாரி வந்து பார்த்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறவர். யார் வீட்டிலும் ஒரு வாய் டீ குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான். டீச்சக்கையைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டு, ஆறு மாதம் சோதனை முறையில் ஓட்டலாம் என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று. உலோகம் குடித்த சக்கை இனி சக்கை இல்லை, ஆபத்தான கழிவு. காயவைத்து, மூட்டை கட்டி, எடை போட்டு எழுதி, ஆறு மாதமும் கொட்டகையில் வைத்திருக்க வேண்டும். கடைசி நாளில் அவர் வந்து ஒவ்வொரு மூட்டையாக எடை போட்டுப் பார்த்து லாரியில் ஏற்றுவார். கணக்கில் ஒரு பிடி குறைந்தாலும் டிரம்மைப் பிரித்து வைக்க வேண்டியதுதான்.

சாய்லியென் எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். வகுப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே ஆபத்தான மூட்டைகளுக்குச் சிவப்புத் துணி கட்டினாள். வெந்து காய்ந்த, இன்னும் டிரம்முக்குப் போகாத சுத்தமான சக்கைக்கு வெள்ளைத் துணி. இரண்டும் ஒரே கொட்டகை, ஒரே மாவு மூட்டைச் சாக்கு. புத்தகம் எழுதியவர் லூகாங்காரர் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆறு மாதம் திங்கட்கிழமையோடு முடிகிறது. ஞாயிறு காலை அவள் மூட்டைகளை எண்ணினாள். நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தெட்டு இருந்தது. திரும்ப எண்ணினாள். மூட்டைகள் மனம் மாறவில்லை. பதினேழும் பதினெட்டும் இல்லை. ஒவ்வொன்றும் ஒன்பது கிலோ.

முதலாளி வீடு பட்டறைக்கு மேல்மாடியில். முதலாளியம்மா யுவேஷியா பெர்சிமன் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாய்லியெனைவிட ஒரு வயது சின்னவள், குரலில் பத்து மடங்கு பெரியவள்.

"முதலாளியம்மா, கொட்டகையில ரெண்டு மூட்டையக் காணோம்."

"அதுவா? நான்தான் எடுத்தேன். உங்கிட்ட சொல்லணும்னு பார்த்தா நீ அன்னிக்கு டீக்கடைக்குப் போயிட்ட. எங்க கோயில் மகளிர் சங்கத்துல இந்த வருஷம் ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள், பெரியவங்க பண்டிகைக்கு, எல்லாருக்கும் காஞ்ச டீச்சக்கை அடைச்ச தலையணை. பன்னெண்டு தைச்சோம். வெள்ளிக்கிழமை குடுத்தாச்சு. என்னா சந்தோஷம் எல்லாருக்கும்!"

"எந்த மூட்டை எடுத்தீங்க? வெள்ளை கட்டினதா?"

"சிவப்பு கட்டினது."

"ஐயோ, சிவப்புன்னா ஆபத்து! தொடாதேன்னு அர்த்தம்!"

"எந்த ஊர்லம்மா?" யுவேஷியா கத்தியைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துக்குச் சிவப்பு, புத்தாண்டுக்குச் சிவப்பு, பிள்ளை பொறந்தா முட்டைக்கே சிவப்பு. ரெண்டு வகை மூட்டை இருந்துச்சு. சிவப்பு கட்டினது நல்ல காரியத்துக்கு எடுத்து வச்சதுன்னு நெனச்சேன். எண்பது வயசுப் பெரியவங்க தலைக்கு வைக்க வெள்ளைத் துணி கட்டினதை எடுப்பேனா? யாரு செத்துட்டாங்கன்னு கேக்க மாட்டாங்க?"

சாய்லியெனின் அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்தச் சிவப்பு மூட்டையில் இருப்பது பட்டறையிலிருந்து வந்த நிக்கல், தூசி பட்டால் தோல் தடிக்கும், நாளைக் காலை பத்து மணிக்குத் துங் எடை போட வருகிறார் என்று சாய்லியென் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். யுவேஷியாவின் முகம் உரித்த பெர்சிமன்போல ஆரஞ்சுச் சிவப்பாகிவிட்டது. உள்ளறையிலிருந்து லியாவ் முதலாளி வந்து, கேட்டுவிட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கொட்டகையப் பூட்டியிருக்கலாம்ல?" என்றார் பலவீனமாக.

"பூட்டு கேட்டேனே முதலாளி. மூணு வாட்டி."

அவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்தார்.

போய்த் திருப்பி வாங்க வேண்டியதுதான். ஆனால் எப்படிக் கேட்பது? அந்த நாளில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற பரிசு நீண்ட ஆயுளுக்கு. திருப்பிக் கேட்பது, "உங்க ஆயுசை இப்படிக் குடுங்க" என்று கேட்பதற்குச் சமம். உண்மையைச் சொன்னாலோ பத்து நிமிடத்தில் கோயில் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், பதினொன்றாவது நிமிடம் துங்குக்கும் தெரிந்துவிடும்.

"ஜோடி!" என்றாள் யுவேஷியா திடீரென்று. "நல்லது எதுவும் ஜோடியாத்தான் இருக்கணும். ஒத்தைத் தலையணை குடுத்தது எங்க தப்பு, ஜோடி சேத்துத் தர்றோம்னு வாங்கிட்டு வந்துடலாம். ஒத்தையா வச்சுக்க யாரு சம்மதிப்பா? ஏறு வண்டியில."

முதல் வீடு தெங் பெரியவருடையது. எழுபத்தொன்பது வயது, முன்னாளில் முடிதிருத்துபவர். வலது காது மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து தடித்திருந்தது. அவருக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"காது ரெண்டு நாளா என்னமா அரிக்குது தெரியுமா! யாரோ என்னையே நெனச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னேன், கெழவி நம்பல. நேத்து சாயந்தரம் பெரியவன் கனடாவுலேருந்து போன் பண்ணிட்டான்! எட்டு மாசத்துக்கு அப்புறம்! இது தலையணை இல்லம்மா, தெய்வம்."

சாய்லியென் கூரையைப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டிய இடங்களில் அவள் பார்க்கிற இடம் அது. யுவேஷியா முன்னால் வந்தாள்.

"அதுக்குத்தான் பெரியப்பா வந்தோம். ஒத்தையாக் குடுத்துட்டோம். ஜோடியாக்கித் தர்றோம், எடுத்துட்டு வாங்க."

"ஜோடியா? பேஷ்! இது இங்கயே இருக்கட்டும், இன்னொண்ணைக் கொண்டாந்து குடு."

இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. யுவேஷியா ஒரு கணம்தான் தடுமாறினாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்து வைக்கலாம் என்றால், தலையணைக்கு ஜோடி சேர்க்க நாலைந்து சொன்னால் என்ன? "தனித்தனியாத் தைச்சா ஜோடி ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும் பெரியப்பா. ரெண்டையும் ஒரே துணியில ஒரே நாள்ல தைக்கணும். உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்கல்ல? இப்ப ஒரு தலையணைக்கு ஒருத்தன் கூப்பிட்டான். சின்னவனும் கூப்பிட வேணாமா?"

சின்னவன் இரண்டு வருடமாகக் கூப்பிடவில்லை. தெங் பெரியவர் தலையணையைத் தானே பையில் போட்டுக் கொடுத்தார். காதுக்கு ஒரு களிம்பும் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது சாய்லியெனுக்கு அவமானமாக இருந்தது. மனுஷன் சந்தோஷத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

மதியத்துக்குள் பதினொன்று சேர்ந்துவிட்டன. பத்துப் பேருக்குக் காது அரிப்பு, பத்துப் பேரும் அதில் பெருமை. பதினோராவது ஒரு கிழவி வாசனை பிடித்துப்போய்த் தலையணையைப் பிரித்து, ஒரு பிடியைக் கெண்டியில் போட எடுத்திருக்கிறாள். கண்ணாடி கிடைக்காததால் கெண்டி எங்கே என்று தெரியவில்லையாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யுவேஷியா வாசலிலேயே மாட்சு அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பன்னிரண்டாவது வீடு வாய்க்கால் கரையில். சந்து முனையிலேயே யுவேஷியா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள்.

"நான் வரல. அது பிங்கென் பெரியவர் வீடு. என்னப் பாத்தா என் புருஷனைத் திட்டுவாரு, அப்புறம் அவரோட அப்பாவைத் திட்டுவாரு, பரம்பரையே நாறிடும்."

"அப்புறம் ஏன் அவருக்குக் குடுத்தீங்க?"

"கோயில் பட்டியல்ல பேரு இருந்துச்சு. பட்டியல்ல இருக்கிறவருக்குக் குடுக்காம இருக்க முடியுமா?"

பிங்கென் பெரியவருக்கு எண்பத்து நாலு வயது. வாய்க்கால் ஓரம் அவருக்கு வயல் இருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கதிர் பால் பிடித்து நின்றபோது, மண்ணில் உலோகம் இருக்கிறது என்று சொல்லி அரசாங்கத்து ஆட்கள் பயிரைப் பிடுங்கி அங்கேயே எரித்தார்கள். அதன்பிறகு அந்த வயலில் அவர் நெல் போடவில்லை. பட்டறைக்காரர்கள் யாரைத் தெருவில் கண்டாலும் துப்புவார். மேலே படாது, ஆனால் ரொம்பத் தள்ளியும் விழாது.

அவர் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சாய்லியென் வண்டியை நிறுத்தி, கூரையைத் தேடினாள். வாசலில் கூரை இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு ஜோடிக் கதையை ஆரம்பித்தாள். ஒரே துணியில் தைப்பது வரைக்கும் வந்தாள்.

"பொய் சொல்லத் தெரியாதவ ஏன் சொல்ற?" என்றார் அவர், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாய்லியென் திரும்பிப் பார்த்தாள். சந்து முனையில் யுவேஷியா கையை ஆட்டி ஏதோ ஜாடை காட்டுவது தெரிந்தது. அவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியப்பா, அந்தத் தலையணையில எங்க பட்டறை நிக்கல் இருக்கு. வாய்க்காலுக்கு வர்றதுக்கு முன்னாடி டீச்சக்கை வச்சுப் பிடிக்கிறேன். பிடிச்சதைத் தெரியாமத் தலையணையாத் தைச்சுக் குடுத்துட்டாங்க. அது எங்களோடது. எடுத்துக்கிட்டுப் போக வந்தேன். நாளைக்கு அதிகாரி எடை போடுறாரு. குறைஞ்சா என் டிரம்மைப் பிரிச்சுடுவாங்க. உங்க காது அரிக்குதா?"

"அரிக்குது. என்னை நெனைக்க யாரு இருக்கா, கொசுன்னு நெனச்சேன்." அவர் ஒரு பல் பூண்டை உரித்து முடித்தார். "எத்தனை மணிக்கு வர்றான் அதிகாரி?"

"பத்து மணிக்கு."

"சரி, போ."

"தலையணை..."

"போன்னு சொன்னேன்ல?"

சாய்லியென் வெறுங்கையோடு திரும்பினாள். பதினொரு தலையணையையும் பிரித்துச் சாக்குகளில் கொட்டினாள். பதினெட்டுக் கிலோவுக்குப் பதினாறரை இருந்தது. ஒன்றரை கிலோ குறைவு. லியாவ் முதலாளி பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"வெள்ளை மூட்டையிலேருந்து ஒண்ணரை கிலோ அள்ளிப் போட்டுடு. டீச்சக்கைக்கு மூஞ்சியா இருக்கு, இது யாருன்னு கண்டுபிடிக்க?"

அவள் முறத்தில் அள்ளவும் செய்தாள். காய்ந்த சக்கை இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தது. சாக்கின் வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். ஆறு மாதமாகக் கணக்கு நோட்டில் எழுதிய ஒவ்வொரு எண்ணும் உண்மை. இந்த ஒன்றைப் பொய்யாக எழுதிவிட்டால், தண்ணீர் சுத்தமாக வந்தது என்று எழுதியதையும் நாளைக்கு யார் நம்புவார்கள்? முதலில் அவளே நம்ப மாட்டாள். முறத்தை வெள்ளை மூட்டையிலேயே கவிழ்த்துவிட்டாள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் துங் வந்தார். ஆறு மாதத் தண்ணீர்ச் சோதனை முடிவுகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றும் விதியைத் தாண்டவில்லை என்று சொன்னபோது அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. பிறகு தராசைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்று முதல் பதினாறு வரை சரியாக வந்தது. பதினேழு சரி. பதினெட்டாவது மூட்டையில் அவர் பேனா நின்றது.

"ஒண்ணரை கிலோ குறையுதே."

லியாவ் முதலாளி திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் முழித்தார். "ஈரம் காஞ்சிருக்கும் சார். காத்து பாருங்க என்னமா அடிக்குது..."

"ஈரம் காயல சார்," என்றாள் சாய்லியென். "அது வாய்க்கால் கரையில ஒரு வீட்டுல தலையணையா இருக்கு."

துங் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக, "தலையணையா?" என்றார். சாய்லியென் சிவப்புத் துணியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். யுவேஷியா இடையிடையே, "நீங்களே சொல்லுங்க சார், வெள்ளையை யாராவது தொடுவாங்களா?" என்று சாட்சிக்குக் கூப்பிட்டாள். துங்குக்கும் வீட்டில் ஒரு தாத்தா இருந்தார்போல. தன்னையறியாமல் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

அப்போது வாசலில் பிங்கென் பெரியவர் வந்து நின்றார். வாய்க்கால் கரையிலிருந்து நடந்தே வந்திருந்தார். கக்கத்தில் தலையணை. பதினெட்டு வருடத்தில் அவர் பட்டறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. மெருகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் யாரையும் பார்க்காமல் நேரே தராசுக்குப் போய், தலையணையை அதன்மேல் வைத்தார்.

துங் குனிந்து பார்த்தார். "ஒரு கிலோ எழுநூத்தி இருபது. இப்ப அதிகமா இருக்கே."

"உறை நூறு கிராம்," என்றாள் யுவேஷியா. "நான்தான் தைச்சேன்."

"மீதி நூத்தி இருபது?"

"எச்சில்," என்றார் பெரியவர். "பல்லு இல்ல. மூணு நாளாத் தூங்கியிருக்கேன்."

துங் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் நிமிர்ந்து, "ஐயா, இது உங்க உடம்பு சம்பந்தப்பட்டது. நீங்க புகார் குடுத்தா நான் இப்பவே இந்த டிரம்மை நிறுத்தணும். உங்களுக்கு அதுக்கு உரிமை இருக்கு" என்றார்.

சாய்லியென் டிரம் மூன்றையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக்கோ," என்றார் பிங்கென் பெரியவர். "பதினெட்டு வருஷம் முன்னாடி உங்க ஆளுங்க என் நெல்லைப் புடுங்கி எரிச்சாங்க. மண்ணுல உலோகம்னாங்க. யாருடா போட்டதுன்னு கேட்டேன். ஒவ்வொரு பட்டறைக்காரனும் அடுத்த பட்டறையைக் கைகாட்டினான். சரி, எவன் போட்டிருந்தாலும் வந்து எடுத்துக்கிட்டுப் போங்கடான்னேன். ஒரு பய வரல. நேத்து இவ வந்தா. ஒண்ணரை கிலோவுக்கு ஸ்கூட்டர் போட்டுக்கிட்டு வந்து, எங்களோடது உங்க வீட்டுல இருக்கு, எடுத்துக்கிட்டுப் போறேன்னு கேட்டா. போட்டதைத் திருப்பி எடுக்க வந்தவ இத்தனை வருஷத்துல இவ ஒருத்திதான். அதை எழுது."

"அதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லீங்களே."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?"

துங் காகிதத்தைத் திருப்பினார். நெடுநேரம் எழுதினார். கொட்டகைக்குப் பூட்டு இல்லாதது குற்றம் என்று முன்பக்கத்தில் லியாவ் முதலாளி பெயருக்கு நேரே அழுத்தி எழுதிவிட்டு, டீச்சக்கை டிரம்மை ஒரு வருடம் ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார். கடைசி மூட்டை லாரியில் ஏறியதும் முதலாளி அழுதார். யுவேஷியா அவர் முதுகில் தட்டி, "பூட்டு வாங்கப் போங்க" என்றாள்.

சாய்லியென் பெரியவருடன் வாசல் வரை போனாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"என் வயல்ல இருக்கிறதையும் உன் டீச்சக்கை எடுக்குமா?"

"எடுக்காது பெரியப்பா. தண்ணியில கரைஞ்சு வர்றதைத்தான் இது பிடிக்கும். மண்ணுல ஒட்டிட்டதைப் பிடிக்காது. என்னால முடியாது."

"முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னதும் நீதான். மத்தவனெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம்னே பதினெட்டு வருஷம் ஓட்டிட்டான்" என்றார். பிறகு திரும்பி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து போனார்.

அவர் போகிற பக்கம்தான் பட்டறைத் தண்ணீரும் போகும். அன்றைக்குச் சாய்லியென் மூன்று டிரம் தண்ணீரையும் இரண்டு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மதகைத் திறந்தாள்.